ஒரே பணம், வேறு வேறு சாட்சியம்

2017 செப்டம்பர் 26 அன்று நியூயார்க்கில் அமெரிக்க மத்திய அரசு வழக்கறிஞர்கள் பத்துப் பேர் மீது ஊழல், மோசடி வழக்குகளை அறிவித்தார்கள். அவர்களில் நான்கு பேர் ஆபர்ன், ஓக்லஹோமா ஸ்டேட், அரிசோனா, தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகங்களின் கூடைப்பந்து உதவிப் பயிற்சியாளர்கள். ஜேம்ஸ் காட்டோ அடிடாஸ் நிறுவனத்தில் கூடைப்பந்துப் பிரிவைக் கவனித்த அதிகாரி. மெர்ல் கோட் அதே நிறுவனத்தோடு தொடர்புள்ள ஆலோசகர். கிறிஸ்டியன் டாக்கின்ஸ் 24 வயது இளைஞர். வீரர்களை ஏஜெண்டுகளிடம் கொண்டுவந்து சேர்ப்பது அவர் தொழில். இவர்களைத் தவிர நிதி ஆலோசகர் ஒருவர், அட்லாண்டாவில் விளையாட்டு வீரர்களுக்குக் கோட்டு சூட்டு தைத்து விற்றவர் ஒருவர் என்று பட்டியல் நீண்டது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் இரண்டு பெரிய விசாரணைகள் நடந்தன. பணம் கைமாறியதா என்பதில் அவற்றில் பெரிய சர்ச்சை எழவில்லை. ஒலிப்பதிவும் வங்கிக் கணக்கும் அதைக் காட்டிக்கொடுத்துவிட்டன. யார் கேட்டார், யாருக்குத் தெரியும், ஏமாந்தவர் யார் என்ற மூன்றிலும்தான் சாட்சிகள் ஒருவரோடு ஒருவர் முரண்பட்டார்கள்.

அமெரிக்காவில் கல்லூரிக் கூடைப்பந்து பெரும் வணிகம். மார்ச் மாதம் நடக்கும் தேசியப் போட்டியின் ஒளிபரப்பு உரிமை 2010இல் 14 ஆண்டுகளுக்கு 1,080 கோடி டாலருக்கு விலைபோனது. காலணி நிறுவனங்கள் பல்கலைக்கழகங்களோடு தனித்தனியாக ஒப்பந்தம் போடுகின்றன. லூயிவில் பல்கலைக்கழகத்துக்கு அடிடாஸ் பத்து ஆண்டுகளில் 16 கோடி டாலர் மதிப்புள்ள பணமும் பொருளும் தருவதாக 2017 ஆகஸ்டில், கைதுகளுக்கு ஒரு மாதம் முன்பு, அறிவிப்பு வந்தது. பயிற்சியாளர்களுக்குக் கோடிக் கணக்கில் சம்பளம். ஆடும் பையனுக்கு மட்டும் அன்று படிப்புச் செலவு, தங்குமிடம், சாப்பாடு, கைச்செலவுக்கு ஏதோ கொஞ்சம். கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் அன்றைய விதிப்படி அவர் அமெச்சூர். ஆட்டத்துக்காக அவரோ அவர் குடும்பமோ ஒரு டாலர் வாங்கினாலும் ஆடும் தகுதி போய்விடும்.

இதோடு இன்னொரு விதியும் சேர்ந்துகொண்டது. தொழில்முறை அமைப்பான என்.பி.ஏ. 2005இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, பள்ளியை முடித்த அமெரிக்க வீரர் குறைந்தது ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டும். ஆகவே அடுத்த ஆண்டு கோடீஸ்வரராகப் போகும் 18 வயதுப் பையன், ஒரே ஒரு பருவத்துக்குக் கல்லூரிக்கு வருகிறார். அந்த ஒரு பருவத்தில் அவரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டால் கல்லூரிக்கு வெற்றி. காலணி நிறுவனத்துக்கு நாளைய நட்சத்திரத்தோடு நேற்றைய உறவு. ஏஜெண்டுக்கு ஆயுள்கால வாடிக்கையாளர். வீட்டில் பணமுடை இருந்தால் பேச்சு எங்கே தொடங்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த மறைவான சந்தைக்குள் எஃப்.பி.ஐ. நுழைந்தது ஒரு தற்செயல். பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த நிதி ஆலோசகர் மார்ட்டி பிளேசர், வாடிக்கையாளர்களின் பணம் 23.5 லட்சம் டாலரை எடுத்துத் திரைப்படத் தயாரிப்பில் போட்டுச் சிக்கினார். தண்டனை குறையும் என்ற எதிர்பார்ப்பில் 2014 முதல் அரசுக்கு உளவாளியானார். கல்லூரி வீரர்களுக்குப் பணம் கொடுத்துப் பிற்காலத்தில் அவர்களைத் தன் வாடிக்கையாளராக்கிக்கொள்வது அவருடைய பழைய வழக்கம். அந்தத் தொடர்புகளைப் பிடித்துக்கொண்டே எஃப்.பி.ஐ. டாக்கின்ஸ் வரை வந்தது. பணக்கார முதலீட்டாளராக வேடமிட்ட ரகசிய அதிகாரி ஒருவர் டாக்கின்ஸின் புதிய நிறுவனத்துக்குப் பணம் தர முன்வந்தார்.

முதல் விசாரணை 2018 அக்டோபரில் மன்ஹாட்டனில் நீதிபதி லூயிஸ் கேப்லன் முன் நடந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் காட்டோ, கோட், டாக்கின்ஸ் மூவர். மையத்தில் இருந்தவர் பிரையன் போவன் என்ற பள்ளி நட்சத்திரம். மற்ற முன்னணி வீரர்கள் எல்லாம் கல்லூரியைத் தேர்ந்தெடுத்து முடித்த பிறகு, 2017 ஜூனில் அவர் திடீரென்று லூயிவில்லுக்கு வருவதாக அறிவித்தார். தன் 40 ஆண்டு அனுபவத்தில் இவ்வளவு அதிர்ஷ்டம் அடித்ததில்லை என்று தலைமைப் பயிற்சியாளர் ரிக் பிட்டினோ வானொலியில் மகிழ்ந்தார். அந்த அதிர்ஷ்டத்துக்கு விலை ஒரு லட்சம் டாலர். அடிடாஸ் தரப்பிலிருந்து போவனின் தந்தைக்கு நான்கு தவணைகளில் போவதாகப் பேச்சு என்றது அரசுத் தரப்பு. நிறுவனத்தின் கணக்கில் இப்படி எழுத முடியாதல்லவா? சிறுவர் கூடைப்பந்துக் குழு ஒன்றின் செலவு என்று போலி பில் தயாரானது. அந்தக் காகித வேலை தாமதமானபோது முதல் தவணைக்கான பணம் எஃப்.பி.ஐ.யின் ரகசிய அதிகாரியிடமிருந்தே வந்தது. நியூஜெர்சியில் ஒரு வாகன நிறுத்துமிடத்தில் 19,500 டாலர் ரொக்கம் தந்தையின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. குற்றத்தைப் பிடிக்க வந்தவர்களின் பணத்தில்தான் அந்தக் குற்றம் நடந்தது என்பது இந்த வழக்கின் விசித்திரங்களில் ஒன்று.

போவனின் தந்தை, தன் மீது வழக்குப் போடமாட்டோம் என்ற உறுதியைப் பெற்றுக்கொண்டு அரசுத் தரப்பு சாட்சியாகக் கூண்டேறினார். மகனைப் பற்றிக் கேட்ட ஓர் இடத்தில் உடைந்து அழுதுவிட்டார். மகனுக்கு எதுவும் தெரியாது என்றார். பிறகு அவர் சொன்ன பட்டியல்தான் நாளேடுகளில் தலைப்பானது: அரிசோனாவிலிருந்து 50,000 டாலர், ஓக்லஹோமா ஸ்டேட்டிலிருந்து 1,50,000 டாலர் ரொக்கம், கார் வாங்க 8,000 டாலர், வீட்டுக்குத் தனியாகப் பணம், கிரெய்டன் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு லட்சம் டாலரும் நல்ல சம்பளத்தில் ஒரு வேலையும், டெக்சாஸிலிருந்து வீட்டுக்கு உதவி. லூயிவில்லுக்கு வந்த பிறகு அங்குள்ள உதவிப் பயிற்சியாளர் ஒருவர் வாடகைக்காக 1,300 டாலர் கையில் கொடுத்தார் என்றும் சொன்னார்.

கேட்பதற்குக் கனமான சாட்சியம்தான். ஆனால் அதன் உள்ளே ஒரு விரிசல் இருந்தது. மற்றக் கல்லூரிகளின் பேரங்களை அவர் எந்தப் பயிற்சியாளரின் வாயிலிருந்தும் கேட்கவில்லை. எல்லாம் டாக்கின்ஸ் வந்து சொன்னவை. டாக்கின்ஸ் உண்மையைச் சொல்லியிருக்கலாம். விலையை ஏற்றுவதற்காகப் போட்டியாளர்களின் பெயரை அடுக்கியிருக்கவும் செய்யலாம். எந்தத் தரகரும் செய்வதுதானே? பட்டியலில் அடிபட்ட பயிற்சியாளர்கள் யாரும் அந்த நீதிமன்றத்தில் வந்து ஆமென்றோ இல்லையென்றோ சொல்லவில்லை. பயிற்சியாளர்களின் பணம் என்று அவர் சொன்னவற்றில் ஒரே ஒரு தொகைக்குத்தான் தந்தை நேரடிச் சாட்சி. அது அந்த 1,300 டாலர், பட்டியலிலேயே மிகச் சிறியது.

இரண்டாவது முக்கியச் சாட்சி டி.ஜே. கஸ்னோலா. அடிடாஸுக்காக வீரர்களின் குடும்பங்களைத் தேடிப்போய்ப் பணம் கொடுத்தவர். குற்றத்தை ஒப்புக்கொண்டு அப்ரூவர் ஆனவர். ஒரு கான்சாஸ் வீரரின் தாய்க்கு மொத்தம் 90,000 டாலர் கொடுத்ததாகச் சொன்னார். 2015இல் 40,000 டாலரை எடுத்துக்கொண்டு போய் நார்த் கரோலினா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் உதவிப் பயிற்சியாளரிடம் கொடுத்ததாகவும், அது வீரரின் குடும்பத்துக்குப் போய்ச் சேரும் என்று அவர் சொன்னதாகவும் சாட்சியம் அளித்தார். அதாவது ஒரு பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளருக்கே தெரியும். ஆனால் கான்சாஸ் தலைமைப் பயிற்சியாளர் பில் செல்ஃபுக்கு இந்தப் பணத்தைப் பற்றி எதுவும் தெரியாது, தான் சொல்லவில்லை என்றும் அதே மூச்சில் சொன்னார்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் இந்த இடத்தில்தான் பிடித்துக்கொண்டார்கள். செல்ஃபும் கஸ்னோலாவும் பரிமாறிக்கொண்ட குறுஞ்செய்திகளைத் திரையில் காட்டினார்கள். நல்ல வீரர்களைக் கொண்டுவர அடிடாஸ் கல்லூரிக்குத் துணைநிற்க வேண்டும் என்ற பேச்சு அவற்றில் இருந்தது. பணம் என்ற சொல் இல்லை. துணை என்றால் பணம் என்று எதிர்த்தரப்பு வாசித்தது. வழக்கமான சந்தை உறவு என்று மற்றவர்கள் வாசித்தார்கள். உண்மையில் இந்த வழக்கின் பெரும்பாலான ஆவணங்கள் இப்படித்தான் இருந்தன. விவரம் தெரிந்தவர்கள் தொகையை எழுதி வைப்பதில்லை. எழுதாததை யார் எப்படிப் புரிந்துகொண்டார் என்பதற்கு ஆளுக்கொரு சாட்சியம்.

இப்போது சட்டம் என்ன கேட்டது என்று பார்க்க வேண்டும். வீரரின் குடும்பத்துக்குப் பணம் கொடுப்பது என்.சி.ஏ.ஏ. விதிமீறல், அது மட்டுமே மத்திய அரசுச் சட்டப்படி குற்றமாகிவிடாது. மூவரின் வழக்கறிஞர்களும் இதை முதல் நாளே ஒப்புக்கொண்டுவிட்டார்கள்: ஆமாம், விதியை மீறினோம், பல்கலைக்கழகத்துக்கு உதவத்தான் மீறினோம், பயிற்சியாளர்களே கேட்டார்கள், இதில் மோசடி எங்கே? அரசுத் தரப்பின் வாதம் வேறு பாதையில் போனது. பணம் வாங்கிய வீரர் ஆடத் தகுதியற்றவர். தகுதியுள்ளவர் என்று பொய்யாக நம்பவைத்து அவருக்கான கல்வி உதவித்தொகையைப் பல்கலைக்கழகத்திடமிருந்து வாங்கியது தொலைபேசி, மின்னஞ்சல் வழியே செய்த மோசடி. ஆகவே லூயிவில், கான்சாஸ், நார்த் கரோலினா ஸ்டேட் ஆகியவை ஏமாற்றப்பட்ட தரப்பு. விதிகள் மீறப்படாமல் பார்த்துக்கொள்ளும் பல்கலைக்கழக அதிகாரிகள் வரிசையாகக் கூண்டேறி, விஷயம் தெரிந்திருந்தால் உதவித்தொகை கொடுத்திருக்கமாட்டோம் என்றார்கள்.

பயிற்சியாளருக்குத் தெரிந்திருந்தால் பல்கலைக்கழகத்துக்குத் தெரிந்ததாகாதா? சாதாரண மனிதர் கேட்கும் இந்தக் கேள்விக்குச் சட்டம் தந்த பதில், ஆகாது. ஊழியர் ஒருவர் நிறுவனத்தின் விதியை மீறச் சம்மதித்தால் அது நிறுவனத்தின் சம்மதமாகிவிடாது. கடை ஊழியர் திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்டாலும் கடை திருட்டுக் கொடுத்ததுதான். இந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டபின், எந்தப் பயிற்சியாளருக்கு எவ்வளவு தெரியும் என்ற முரண்பாட்டை ஜூரி தீர்த்துவைக்க வேண்டிய தேவையே பெரிதாக இல்லாமல் போனது.

அதனாலேயே சில பதிவுகள் ஜூரியின் காதுக்கே போகவில்லை. முன்னணி வீரர் ஒருவரைக் கான்சாஸுக்குக் கொண்டுவர அவர் குடும்பம் வேலை, பணம், வீடு கேட்பதாகக் கோடும் கான்சாஸ் உதவிப் பயிற்சியாளர் ஒருவரும் பேசிய தொலைபேசிப் பேச்சு ஒன்று உண்டு. அவர் தேவையென்றால் எப்படியாவது வழி பார்க்க வேண்டும் என்ற பாணியில் பயிற்சியாளர் பதில் சொன்னதை, ஜூரி அறையில் இல்லாத நேரத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வாசித்தார். கல்லூரிகளே இதை விரும்பின என்று காட்ட அது தங்களுக்கு வேண்டும் என்றது எதிர்த்தரப்பு. நீதிபதி கேப்லன் அனுமதிக்கவில்லை. அக்டோபர் 24 அன்று மூவரும் எல்லாக் குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளிகள் என்று ஜூரி தீர்ப்பளித்தது. 2019 மார்ச்சில் காட்டோவுக்கு ஒன்பது மாதம், மற்ற இருவருக்கும் ஆறு மாதம் சிறை விதிக்கப்பட்டது.

உதவிப் பயிற்சியாளர்கள் மீதான வழக்கு தனி. அங்கே குற்றம் லஞ்சம்: நாளை நட்சத்திரமாகப் போகும் வீரர்களைக் குறிப்பிட்ட ஏஜெண்டிடமும் நிதி ஆலோசகரிடமும் தள்ளிவிடுவதற்காகப் பயிற்சியாளர்கள் பணம் வாங்கினார்கள் என்பது. நால்வரும் விசாரணைக்கு நிற்காமல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். ஓக்லஹோமா ஸ்டேட்டின் லமாண்ட் எவன்ஸும் அரிசோனாவின் எமானுவல் ரிச்சர்ட்சனும் மூன்று மாதம் சிறை சென்றார்கள். 91,500 டாலர் வாங்கிய ஆபர்னின் சக் பெர்சன், முன்னாள் என்.பி.ஏ. வீரர், சிறைக்குப் போகவில்லை. 200 மணி நேரச் சமூக சேவை. தொகைக்கும் தண்டனைக்கும் இருந்த பொருத்தத்தைப் பற்றி அப்போதே முணுமுணுப்பு எழுந்தது.

ஆகவே 2019 ஏப்ரலில் நீதிபதி எட்கார்டோ ராமோஸ் முன் இரண்டாவது விசாரணை தொடங்கியபோது கூண்டில் மிச்சம் நின்றவர்கள் டாக்கின்ஸும் கோடும் மட்டுமே. வாங்கியவர்கள் வாங்கினோம் என்று சொல்லியாகிவிட்டது. கொடுத்ததாகச் சொல்லப்பட்ட டாக்கின்ஸோ, தான் லஞ்சம் கொடுக்கவில்லை என்று நின்றார். அதோடு தன் பக்கச் சாட்சியாகத் தானே கூண்டேறவும் செய்தார்.

டாக்கின்ஸின் வாதம் கேட்பதற்கு முரட்டுத்தனமாகவும் தெளிவாகவும் இருந்தது. வீரரின் குடும்பத்துக்குப் பணம் கொடுப்பதில் தனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. அதில் தவறும் இல்லை. உதவிப் பயிற்சியாளருக்குக் கொடுப்பது வீண்செலவு. பையன் யாரை ஏஜெண்டாக வைத்துக்கொள்வான் என்பதைத் தீர்மானிப்பது அவர் இல்லை. பயிற்சியாளர்களுக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் ‘முதலீட்டாளர்’. புதிய தொழிலுக்கு அவர் பணம் வேண்டும். அதனால் ஆடச்சொன்னபடி ஆடினேன் என்றார். இதற்கு ஆதாரமும் இருந்தது. பயிற்சியாளர்களுக்குப் பணம் கொடுப்பதில் அர்த்தமில்லை என்று அவர் ரகசிய அதிகாரியிடம் வாதாடும் பேச்சு எஃப்.பி.ஐ.யின் சொந்த ஒலிப்பதிவிலேயே பதிவாகியிருந்தது. அரசுத் தரப்போ வேறு பதிவுகளைப் போட்டுக்காட்டியது. அவற்றில் அதே டாக்கின்ஸ் எந்தப் பயிற்சியாளரை வளைக்கலாம் என்று உற்சாகமாகப் பெயர் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டும் அவர் குரல்தான். எந்தக் குரல் உண்மை, எந்தக் குரல் வியாபாரம் என்று ஜூரி முடிவு செய்ய வேண்டியிருந்தது.

இந்த முரண்பாட்டை நெருங்கிப் பார்க்க லாஸ் வேகஸ் ஹோட்டல் அறை ஒன்று போதும். 2017 ஜூலை இறுதியில், பள்ளி வீரர்களின் பெரிய போட்டிகளுக்காகப் பயிற்சியாளர்கள் எல்லாரும் அந்த ஊரில் கூடியிருந்தார்கள். மறைவுக் கேமரா பொருத்திய அறைக்கு டாக்கின்ஸ் ஒவ்வொருவராக அழைத்து வந்தார். கிரெய்டன் உதவிப் பயிற்சியாளர் வந்தார், பேசினார், 6,000 டாலர் இருந்த கவரை வாங்கிக்கொண்டு வெளியேறினார். படம் அதோடு முடிகிறது. வெளியே போனதும் கழிப்பறையில் வைத்துப் பணத்தை டாக்கின்ஸிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்பது அவர் தரப்பு. டாக்கின்ஸ் குடும்பத்துக்கு நெடுநாள் பழக்கமானவர் அவர். நண்பனின் வியாபாரத்துக்கு ஒத்தாசையாக ஒரு நாடகம், அவ்வளவுதான் என்று பொருள். கேமரா இருந்த அறையில் லஞ்சம். கேமரா இல்லாத கழிப்பறையில் நட்பு. அவர் மீது குற்ற வழக்கு வரவில்லை. ஆனாலும் என்.சி.ஏ.ஏ. 2021இல் அவருக்கு இரண்டு ஆண்டுக் கட்டுப்பாடு விதித்தது. தென் கலிஃபோர்னியாவின் டோனி பிளாண்ட் விஷயத்திலும் கணக்கு இடிக்கிறது: அந்த வாரம் கைமாறியது 13,000 டாலர் என்று தொடக்கக் குற்றச்சாட்டு, அவர் ஒப்புக்கொண்டது 4,100.

எல்லாவற்றையும் ஏற்பாடு செய்த ரகசிய அதிகாரியை அரசு சாட்சியாக அழைக்கவில்லை. அவரோடு பணியாற்றிய வேறொரு ரகசிய அதிகாரிதான் சாட்சி சொன்னார். லாஸ் வேகஸ் போயிருந்த எஃப்.பி.ஐ. குழுவைச் சேர்ந்த ஒருவர், ரகசிய வேலைக்கென்று கொடுத்த அரசுப் பணம் 13,500 டாலரைச் சூதாட்ட மேசையில் தொலைத்ததைப் பின்னாளில் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். தலைமைப் பயிற்சியாளர்களான அரிசோனாவின் ஷான் மில்லரையும் லூசியானா ஸ்டேட்டின் வில் வேடையும் சாட்சிக்கு அழைக்க டாக்கின்ஸ் தரப்பு விரும்பியது. நீதிபதி ராமோஸ் தடுத்தார். மில்லர் ஒரு வீரருக்கு மாதம் 10,000 டாலர் கொடுக்கிறார் என்று ரிச்சர்ட்சன் சொல்லும் ஒலிப்பதிவை மட்டும் ஜூரி கேட்டது. எந்த வீரருக்கும் பணம் கொடுத்ததில்லை என்று மில்லர் முன்பே பகிரங்கமாக மறுத்திருந்தார். சொன்னவர் குற்றத்தை ஒப்புக்கொண்டவர், மறுத்தவர் கூண்டேறாதவர்; இருவரையும் எதிரெதிரே நிறுத்திக் கேட்க வாய்ப்பே வரவில்லை.

மே 8 அன்று வந்த தீர்ப்பும் இரண்டுபட்டே வந்தது. லஞ்சம், அதற்கான சதி ஆகிய இரண்டில் டாக்கின்ஸ் குற்றவாளி; மற்றக் குற்றச்சாட்டுகளில் விடுதலை. கோட் சதி ஒன்றில் மட்டும் குற்றவாளி. டாக்கின்ஸுக்கு ஓராண்டும் ஒரு நாளும், கோடுக்கு மூன்று மாதமும் சிறை. டாக்கின்ஸ் கதையை ஜூரி முழுக்க நம்பவும் இல்லை, முழுக்கத் தள்ளவும் இல்லை.

முதல் வழக்கின் மேல்முறையீட்டில் 2021 ஜனவரியில் மூன்று நீதிபதிகள் தண்டனையை உறுதிசெய்தார்கள். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் டென்னி சின். ஜெரார்ட் லிஞ்ச் ஒரு பகுதியில் மாறுபட்டார். ஜூரியிடமிருந்து மறைக்கப்பட்ட சில தொலைபேசிப் பேச்சுகளைக் கேட்க விட்டிருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. ஏமாற்றும் நோக்கம் இருந்ததா என்று பார்க்கும்போது, பல்கலைக்கழகங்கள் என்ன விரும்பும் என்று இவர்கள் நம்பினார்கள் என்பதும் பொருட்டுதான் என்று வாதிட்டார். உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ளவில்லை.

நீதிமன்றம் முடித்த இடத்தில் என்.சி.ஏ.ஏ. தொடங்கியது. அது பிடித்தது நேர்மாறான முனை. நீதிமன்றத்தில் ஏமாந்தவர்களாக நின்ற அதே பல்கலைக்கழகங்கள் இங்கே குற்றம் சாட்டப்பட்டவர்கள். அடிடாஸ் ஆட்கள் பல்கலைக்கழகத்தின் நலனுக்காக வேலை செய்தவர்கள், ஆகவே அவர்கள் செய்தது பல்கலைக்கழகத்தின் பொறுப்பு என்று 2019 செப்டம்பரில் கான்சாஸுக்குக் குற்றச்சாட்டு போனது. அப்ரூவராகச் சொன்ன கஸ்னோலாவின் அதே சாட்சியத்தை இரு தரப்பும் எடுத்தாண்டன: பணம் கொடுத்தார் என்பதை என்.சி.ஏ.ஏ. எடுத்துக்கொண்டது, செல்ஃபுக்குத் தெரியாது என்பதைக் கான்சாஸ் எடுத்துக்கொண்டது.

இத்தகைய சிக்கலான வழக்குகளுக்காகச் சுதந்திரமான தீர்ப்புக் குழு ஒன்று உருவானது. அது ஆமை வேகத்தில் நகர்ந்தது. நடுவிலேயே உலகம் மாறிவிட்டது. 2021 ஜூலை முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விற்றுச் சம்பாதிக்கலாம் என்றானது. 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகங்களே நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டுக்கான உச்சவரம்பு ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஏறக்குறைய 2 கோடியே 5 லட்சம் டாலர். 19,500 டாலருக்காக வாகன நிறுத்துமிடத்தில் காத்திருந்த தந்தையின் மகனோ கல்லூரிக் கூடைப்பந்தில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. ஆஸ்திரேலியாவுக்குப் போய் சிட்னி கிங்ஸ் அணியில் ஒரு பருவம் ஆடி, அங்கிருந்து என்.பி.ஏ.வின் வாசலுக்கு வந்தார்.

கைதுகள் நடந்த மறு நாளே விடுப்பில் அனுப்பப்பட்டு, அக்டோபரில் வேலையிழந்த பிட்டினோ, தனக்கு எதுவும் தெரியாது என்பதைக் கடைசிவரை மாற்றிச் சொல்லவில்லை. 2019இல் லூயிவில்லோடு செய்துகொண்ட சமரசத்தில் பதவி நீக்கம் ராஜினாமா என்று ஆவணங்களில் திருத்தப்பட்டது. 2022 நவம்பரில் தீர்ப்புக் குழு அவருக்குத் தண்டனை எதுவும் விதிக்கவில்லை. லூயிவில்லுக்கு 5,000 டாலர் அபராதமும் இரண்டு ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும். அடுத்த மாதம் மில்லரும் தண்டனையின்றித் தப்பினார். கான்சாஸ் தீர்ப்பு 2023 அக்டோபரில் வந்தது. பெரிய குற்றச்சாட்டுகள் சிறியவையாகக் குறைக்கப்பட்டன. பல்கலைக்கழகம் தானாகவே விதித்துக்கொண்ட நான்கு ஆட்ட இடைநீக்கத்துக்கு மேல் செல்ஃபுக்கு எதுவும் இல்லை. தகுதியற்ற வீரர் ஒருவர் ஆடிய 2017-18 பருவத்தின் 15 வெற்றிகளும், அந்த ஆண்டு அணி அரையிறுதி வரை போனதும் ஏடுகளிலிருந்து நீக்கப்பட்டன.